வளைபந்து

நேர் என்னும் சொல்லினின்று நேர்மை கிளைத்தது. செம்மை என்பது நிமிர்வையும் குறிக்கும். நடுவுநிலை பிறழாமையையும் குறிக்கும். வளையாத கோலைச் செங்கோல் என்றும் வளைந்த கோலைக் கொடுங்கோல் என்றும் வழங்கிய தமிழ்முன்னோர், ஆட்சியின் முறையையும் முறைகேட்டையும் ஒரு கழியின் வடிவிலேயே காட்டிவிட்டனர். கொடு என்னும் வளைவுப் பொருளடியாகப் பிறந்ததே கொடுமை. கோட்டம் என்பதற்கு வளைவு என்றும் பொருள். ஒருபாற் சாய்வு என்றும் பொருள். கண்ணாற் கண்ட வளைவைக் கொண்டு கருத்தாற் கண்ட தீமைக்குப் பெயரிடுதல் தமிழர்க்கு மட்டும் உரியதன்று. ஆங்கிலேயனும் இடையனின் வளைதடியைக் 'குரூக்கு' என்றான். பின்னர் ஏய்த்துப் பிழைப்பவனையும் அச்சொல்லாலேயே சுட்டினான்.

அமெரிக்க ஆங்கிலத்தில் இவ்வகைச் சொல் இன்னொன்றுண்டு. 'கர்வ்பால்' என்பது அது, வளைபந்து எனலாம். ஓர் ஆட்டத்திற் பிறந்து, அன்றாடப் பேச்சிற் புகுந்து, ஒரு பொய்யருக்கு மறைபெயராகி, இறுதியில் ஒரு பெரும்போரின் வரலாற்றிலேயே இடம்பெற்றுவிட்ட சொல் அது. ஒரு சொல் எவ்வாறு கிளைத்து வளர்கின்றது என்பதற்கும், அதை வழங்குவோரே அதன் பொருளுக்குச் செவிகொடாவிடின் என்ன நேரும் என்பதற்கும் அச்சொல்லின் வரலாறு சான்று.

அடிபந்தாட்டம் தமிழகத்தார்க்கு அவ்வளவாகப் பழக்கமில்லாதது. மட்டைப்பந்தாட்டத்தை அறிந்தோர்க்கு ஒரு வேறுபாட்டைச் சொன்னாற் போதும். மட்டைப்பந்தாட்டத்தில் பந்து பெரும்பாலும் தரையிற் குத்தி எழுகின்றது. தரையின் வெடிப்பும் புல்லும் ஈரமும் வீசுவோனுக்குத் துணைநிற்கின்றன. அடிபந்தாட்டத்தில் எறிஞனுக்குத் தரையின் துணை இல்லை. 60 அடி 6 அங்குலத் தொலைவைப் பந்து காற்றிலேயே கடந்து மட்டையாளனை எய்துதல் வேண்டும். எறிஞனுக்குத் துணையாவன அவன் விரல்களும், பந்தின் தோலை இணைக்கும் 108 சிவப்புத் தையல்களும், இடையிலுள்ள காற்றுமே.

நேரே விரைந்து வரும் பந்து அரை நொடிக்கும் குறைந்த நேரத்தில் வந்துவிடுகின்றது. வளைபந்து அதனினும் சற்று மெல்ல வரும். கை சுழன்று இறங்குங்கால், எறிஞன் பந்தின் மேற்புறத்தை விரல்களால் முன்னோக்கி உருட்டி விடுகின்றான். அவ்வாறு சுழலும் பந்து தன்னைச் சூழ்ந்த காற்றை மேல்நோக்கித் தள்ள, காற்று பந்தைக் கீழ்நோக்கித் தள்ளுகின்றது. மார்புயரத்தில் வருவதாகத் தோன்றிய பந்து முழங்காலுயரத்தில் வந்து சேர, மட்டையாளன் வெறுங்காற்றை அடித்துவிட்டு நிற்கின்றான். சுழலும் பந்து வளைந்து செல்லும் என்பதை நியூட்டன் 1672-ஆம் ஆண்டிலேயே ஒரு மடலிற் குறித்துள்ளார். செருமானிய அறிஞர் மாக்குனசு 19-ஆம் நூற்றாண்டில் அதனை ஆய்ந்தமையால், அவ்விளைவு இன்று அவர் பெயரால் வழங்குகின்றது.

அடிபந்தாட்டத்தில் இதை முதலிற் செய்தவர் வில்லியம் ஆர்தர் கம்மிங்சு என்பது பரவலாக ஏற்கப்பட்ட செய்தி. 1863-ஆம் ஆண்டு, பதினான்கு அகவைச் சிறுவராக இருந்த அவர், புரூக்குளின் கடற்கரையில் தோழர்களுடன் சிப்பியோடுகளை எறிந்து விளையாடினார். ஓடுகள் காற்றில் வளைந்து வளைந்து சென்றதைக் கண்டவருக்கு, பந்தையும் அவ்வாறு செலுத்தினால் என்ன என்னும் எண்ணம் எழுந்ததாம். நான்காண்டுகள் அம்முயற்சியிலேயே கழித்து, 1867-இல் ஆர்வார்டுக் கல்லூரி அணிக்கு எதிரான ஆட்டத்தில் அதை எறிந்து காட்டினார். கோல்டுசுமித்து என்னும் மற்றோர் எறிஞரும் அப்பெருமை தமதே என வாழ்நாள் முழுவதும் வழக்காடினார். 1939-இல் கூப்பர்சுடவுன் புகழ்மன்றம் கம்மிங்சின் பெயரையே பொறித்தது. கம்மிங்சு 1924-இலேயே மறைந்துவிட்டார்.

இந்த எறி தோன்றிய காலத்து அது வெறும் புதுமையாகக் கருதப்படவில்லை. ஒழுக்கக் கேடாகவே பலரால் கருதப்பட்டது. அதற்குக் கரணியம் உண்டு. தொடக்கக் காலத்தில் எறிஞன் மட்டையாளனுக்குப் பகைவன் அல்லன்; ஏவலன். அடிப்பதற்கு வாய்ப்பாகப் பந்தை வழங்குவதே அவன் தொழில். மேலே வேண்டும், கீழே வேண்டும் என்று கேட்டுப் பெறும் உரிமையே மட்டையாளனுக்குச் சில காலம் இருந்தது. 1887-ஆம் ஆண்டு ஆட்டக்காலத்தோடுதான் அவ்வுரிமை நீக்கப்பட்டது. கேட்ட இடத்திற் பந்தைக் கொடுக்க வேண்டியவன், கொடுப்பதுபோற் காட்டிக் கொடாமற் போனால் அதை நேர்மை என்று எவர் சொல்வர்? ஆர்வார்டுத் தலைவராக இருந்த எலியட்டு, வளைபந்து எறிவது ஏமாற்று, அது தம் கல்லூரிக்குத் தகாது என்று கடிந்துகொண்டதாக ஒரு கதை நெடுங்காலமாக அந்நாட்டில் வழங்குகின்றது. கதையின் சொற்கள் வாய்க்கு வாய் மாறுகின்றன. ஆனால் அப்படியொரு கதை அந்நாட்டில் நிலைத்திருப்பதே, வளைபந்து என்றவுடன் அம்மக்கள் நெஞ்சில் எழுந்த ஐயத்தைக் காட்டும்.

காலப்போக்கில் அவ்வையம் தேய்ந்தது, தேய்ந்ததும் முறையே. ஆட்டத்தில் வளைபந்து ஏமாற்றாகாது. வளைபந்து வரக்கூடும் என்பது மட்டையாளனுக்கு முன்னரே தெரியும். எறிபவன் கண்முன் நிற்கின்றான். பந்து சென்ற வழியைக் கண்டு முடிவுகூற நடுவர் ஒருவர் பின்னே நிற்கின்றார். ஏமாந்தாலும் இழப்பது ஓர் அடி. அடுத்த பந்தில் மீட்டுக்கொள்ளலாம். இந்நான்கும் உள்ளவரை அது கைத்திறம். இவற்றுள் ஒன்று இல்லையாயினும் அதற்கு வேறு பெயரிட வேண்டும்.

பந்து உண்மையிலேயே வளைகின்றதா, கண்தான் மயங்குகின்றதா என்னும் வழக்கும் நெடுங்காலம் நடந்தது. 1941-இல் 'லைஃப்' என்னும் பெயர்பெற்ற இதழ், ஒளிப்படங்களை வைத்து, வளைவு கண்மயக்கமே ஆகலாம் என்று எழுதியது. எறிஞர்கள் சினந்தனர். அமெரிக்க அரசின் அளவைத்தர நிறுவனத்தின் தலைவராக இருந்து ஓய்வுபெற்ற இலைமன் பிரிக்சு என்னும் இயற்பியலறிஞர், காற்றுக்குடைவில் சுழலும் பந்துகளை விட்டு அளந்து, 60 அடித் தொலைவிற் பந்து 17½ அங்குலம் வரை வளையக்கூடும் என 1959-இல் நிறுவினார். வளைவு மெய்.

ஆயினும் மட்டையாளர்கள் மற்றொன்றும் சொல்லிவந்தனர். பந்து வளைவதோடு நில்லாமல், அருகில் வந்தபின் திடுமென முறிந்து விழுகின்றது என்றனர். இயற்பியலின்படி அவ்வாறு முறிதல் இயலாது. வளைவு தொடக்கமுதல் முடிவுவரை ஒரே சீராக நிகழ்வது. ஆர்தர் சபிரோ என்னும் பார்வையியல் அறிஞரும் அவர் குழுவினரும் 2009-இல் உலகின் சிறந்த கண்மயக்கத்திற்கான போட்டியில் முதற்பரிசு பெற்றது இப்புதிரை விளக்கியதற்கே. மட்டையாளன் பந்தை நடுக்கண்ணால் நோக்குங்கால் அது செல்லும் வழி ஒன்றாகவும், பந்து கடைக்கண்ணுக்கு நழுவியவுடன் வேறொன்றாகவும் தோன்றுகின்றது. பந்து எங்கே போகும் என்று முன்கூட்டியே எண்ணி மட்டையாளன் தன் கண்ணை அங்கே எறிகின்றான்; அந்த நொடியில்தான் பந்து முறிந்ததாகத் தெரிகின்றது. ஆகவே வளைவு எறிஞனுடையது; முறிவு மட்டையாளனுடையது. இதைப் படிப்போர் நினைவில் வைத்தல் வேண்டும். இக்கட்டுரையின் பிற்பகுதிக்கு இது தேவைப்படும்.

தம் வாழ்க்கையில் வேரூன்றிய ஒன்றுக்கு மக்கள் ஒரு பெயரோடு நிறைவடைவதில்லை. வளைபந்துக்கு அமெரிக்கர் இட்ட பெயர்கள் பல. 'கொக்கி' என்றனர், 'சுத்தியல்' என்றனர், 'சார்லி மாமா' என்றும் செல்லமாக அழைத்தனர். உச்சியினின்று நேர்கீழாக விழும் வகைக்குப் 'பன்னிரண்டிலிருந்து ஆறு' என்பது பெயர். மணிகாட்டியின் முகத்தைக் கண்டு இட்டது. இவற்றுள் ஒன்றேனும் கல்விக்கூடத்திற் பிறந்ததன்று.

அதே ஆட்டத்தை அமெரிக்கரிடமிருந்து பெற்ற சப்பானியர் என்ன செய்தனர் என்பது தனித்தமிழ் அன்பர்க்கு இனிக்கும் செய்தி. ஆட்டத்திற்கே 'யாக்கியூ' என்று பெயரிட்டுக்கொண்டனர். வெளிப்பந்து, அதாவது திறந்தவெளியில் ஆடும் பந்து என்பது பொருள். 1894-இல் சூமான் என்பவர் ஆக்கிய பெயர் அது. வளைந்தும் தாழ்ந்தும் வரும் எறிகள் எல்லாவற்றையும் சேர்த்து 'எங்காக்கியூ' என்றனர். மாறும் பந்து என்பது பொருள். நேரே வருவதற்குச் 'சொக்கியூ', நேர்ப்பந்து. அச்சொற்கள் தம் உழைப்பால் ஆட்டத்திடலைக் கடந்து பேச்சிலும் புகுந்தன. ஒளிவுமறைவின்றி ஒரு வினாவைக் கேட்பவனை நேர்ப்பந்து எறிகிறான் என்பர்; சுற்றி வளைத்துக் கேட்பவனை மாறும் பந்து எறிகிறான் என்பர். ஆங்கிலச் சொற்களையும் அவர்கள் ஆட்டத்தில் வழங்காமலில்லை. ஆயினும் புதுச்சொல் ஆக்கினால் மக்கள் நாவில் ஏறாது என்று கையைக் கட்டிக்கொண்டு சொல்பவர்கள், ஒரு முறை தோக்கியோ நகரத்துச் சிறுவர்களிடம் கேட்டு வரலாம்.

இனி அமெரிக்கச் சொல்லின் மறுபொருள். எதிர்பாராததைக் கொண்டுவந்து ஒருவனைத் திகைக்க வைப்பதையும், நேரல்லா வழியில் ஏய்ப்பதையும் வளைபந்து எறிதல் என்று அந்நாட்டார் சொல்லத் தொடங்கினர். நாளடைவில் அச்சொல்லின் கூர் மழுங்கியது. இன்று மழை பெய்து திருமணம் கெட்டாலும் வளைபந்து. வேலை போனாலும் வளைபந்து. ஏய்ப்பு என்னும் உட்பொருள் தூங்கிப்போய், எதிர்பாராமை என்னும் மேற்பொருளே நாவில் நிற்கின்றது. இந்நிலையிற்றான் அச்சொல் ஓர் ஆளுக்குப் பெயராயிற்று.

1999-ஆம் ஆண்டு ஈராக்கிலிருந்து செருமனிக்கு வந்து ஏதிலியாகப் புகலிடம் கேட்டார் இராஃபித் அகமது அல்வான் என்னும் வேதிப்பொறியாளர். பாக்தாதை அடுத்த செர்ஃப் அல் நதாஃப் என்னுமிடத்தில் தாம் பணிபுரிந்ததாகவும், அங்கே சரக்குந்துகளில் ஏற்றி இடம்விட்டு இடம் கொண்டுசெல்லத்தக்க நச்சு நுண்ணுயிர்க்கூடங்கள் அமைக்கப்பட்டதாகவும் செருமானிய உளவுத்துறையினரிடம் கூறினார். அவர் கூறியவை செருமானிய மொழியில் எழுதப்பெற்று, பின்னர் ஆங்கிலமாக்கப்பெற்று, ஏறத்தாழ நூறு அறிக்கைகளாக அமெரிக்கப் படைத்துறை உளவு நிறுவனத்திற்குச் சென்றன. அவ்வறிக்கைகளில் அவருக்கு இட்ட மறைபெயர் கர்வ்பால். மறைபெயர்கள் பொருள் கருதி இடப்படுவன அல்ல. ஆனாலும் ஆயிரம் சொற்கள் இருக்க இச்சொல் வந்து வாய்த்ததே!

போருக்கு முன் அவரை அமெரிக்கர் நேரில் உசாவ இயலவில்லை. அவர் அமெரிக்கரை வெறுப்பவர் என்று செருமானியர் கரணியம் கூறினர். 2000-ஆம் ஆண்டு மே திங்களில் அமெரிக்கப் பாதுகாப்புத் துறை மருத்துவர் ஒருவர் குருதி எடுப்பதற்காக அவரை ஒரு முறை கண்டார். அவர் குடிமயக்கம் தெளியாதவராகத் தோன்றியது மருத்துவருக்கு உறுத்தியது. ஐரோப்பியப் பிரிவின் தலைவராக இருந்த திரம்கெல்லர், இவரை நம்பவேண்டா என்று 2002-லேயே மேலிடத்திற்கு எச்சரித்ததாகப் பின்னர்க் கூறினார். அத்தகைய எச்சரிக்கை தம்மிடம் வரவேயில்லை என்று மேலிடத்தார் மறுத்தனர்.

2003-ஆம் ஆண்டு பிப்பிரவரி 5-ஆம் நாள், அமெரிக்க வெளியுறவு அமைச்சர் காலின் பவல், ஒன்றிய நாடுகள் அவையின் பாதுகாப்பு மன்றத்தில் உலகத்தார் காண உரையாற்றினார். நேரிற் கண்ட சான்றாளர் ஒருவர், ஈராக்கிய வேதிப்பொறியாளர், 1998-இல் நேர்ச்சி ஒன்றில் பன்னிருவர் இறந்தபோது அவ்விடத்திலேயே இருந்தவர் என்று கூறி, அந்நச்சு ஊர்திகளின் படங்களைத் திரையிற் காட்டினார். அவை ஒளிப்படங்கள் அல்ல. சொல்லக் கேட்டு வரைந்த ஓவியங்கள். அச்சான்றாளர் இந்த வளைபந்தே. போருக்குப் பின் ஈராக்கிற் புகுந்து தேடிய அமெரிக்கக் குழுவினர் கண்டது வேறு: அவர் 1995-லேயே அவ்வேலையினின்று நீக்கப்பட்டவர்.

பவல் பேசிய சில நாள்களிலேயே ஒன்றிய நாடுகள் அவையின் ஆய்வாளர்கள் செர்ஃப் அல் நதாஃபுக்குச் சென்று பார்த்தனர். அங்கிருந்தது விதைகளைத் தூய்மைசெய்யும் ஆலை. சரக்குந்துகள் உள்ளே சென்று வெளிவருவதாக அப்பொறியாளர் சொல்லியிருந்த வழியை ஆள் உயரச் சுவர் ஒன்று மறித்து நின்றது. எடுத்துச் சென்ற மாதிரிகளில் நஞ்சு ஏதும் இல்லை. இதனினும் வியப்பு, அச்சுவர் விண்கோள் படங்களில் முன்னரே தெரிந்ததுதான். கண்ட பகுப்பாய்வாளர்கள், சொன்னவர் பொய் சொன்னார் என்று கொள்ளாமல், உலகை ஏமாற்ற ஈராக்கியர் செய்த மறைப்பு வேலையாக அஃது இருக்கலாம் என்று கொண்டனர். கல்லால் ஆன சுவர் பொய்யாயிற்று, வாய்ச்சொல் மெய்யாயிற்று.

மார்ச்சு 20-ஆம் நாள் போர் தொடங்கியது. அப்பொய் ஒன்றே அப்போரைக் கொண்டுவந்தது என்பது மிகை. வேறு நோக்கங்களும் வேறு பொய்களும் இருந்தன. ஆனால் தயங்கி நின்றோரைத் தள்ளிவிட உதவியவற்றுள் அது முன்னிற்பது. அடுத்து வந்த ஆண்டுகளில் ஈராக்கிய மக்கள் நூறாயிரத்திற்கும் மேற்பட்டோரும், அமெரிக்கப் படையினர் 4,000-க்கும் மேற்பட்டோரும் மாண்டனர். பிடிபட்ட ஊர்திகள் வானிலைப் புகைக்கூண்டுகளுக்கு வளி நிரப்பும் கருவிகள் என்பது 2004-இல் தெளிவாயிற்று. அவ்வாண்டு மே திங்களில் அமெரிக்க உளவுத்துறை வளைபந்தின் சொற்கள் புனைவு என அறிவித்தது. 2005-இல் அமெரிக்க ஆணையம், போருக்கு முன் கொடுத்த முடிவுகள் ஏறத்தாழ முற்றிலும் தவறு என்று எழுதியது. தம் உரை தம் வாழ்விற் படிந்த கறை என்று பவல் அவ்வாண்டே ஒப்பினார். 2011 பிப்பிரவரியில் அல்வான் தாமே இங்கிலாந்து இதழ் ஒன்றிடம், தாம் சொன்னவை பொய், சதாமின் ஆட்சியை வீழ்த்தவே சொன்னேன் என்று வெளிப்படையாகக் கூறினார்.

மேலே சொன்ன பார்வையியலை இங்கே பொருத்திப் பார்த்தல் வேண்டும். அந்தப் பொறியாளர் செய்தது வளைவு மட்டுமே. புகலிடம் வேண்டியும் தம் நாட்டு ஆட்சியின்மேல் வெறுப்புக் கொண்டும் ஒருவர் பொய் சொன்னார். அத்தகைய பொய்கள் ஏதிலிகளை உசாவும் அறைகளில் நாள்தோறும் கேட்கப்படுவன. முறிவை உண்டாக்கியவர்கள் பந்து எங்கே வந்து விழ வேண்டும் என்று முன்னரே முடிவு செய்து, கண்ணை அங்கே எறிந்துவிட்டவர்கள். ஆட்டத்திடலில் மட்டையாளன் ஏமாந்தால் மட்டையாளனே வெளியேறுகின்றான். இங்கே மட்டையாளர்கள் பதவிகளில் இருந்தனர். வெளியேறியவர்கள் பாக்தாதின் தெருக்களில் இருந்தவர்கள்.

வேற்றுமொழிப் பெயர்களைத் தமிழில் எழுதுவோர்க்கும் இதில் ஒரு செய்தி உண்டு. கர்வ்பால் என்று எழுத்துப்பெயர்த்து விட்டுவிட்டால் தமிழ்ப் படிப்பாளி அதை ஓர் ஊர்ப்பெயர் போலக் கடந்து போவான். வளைபந்து என்று எழுதினால், எழுத்தறிந்த முதியவர் ஒருவர்கூட, பெயரே கோணலாக இருக்கின்றதே என்று ஒரு நொடி நிற்பார். அந்த ஒரு நொடியே மொழிபெயர்ப்பின் பயன். அச்சொல்லுக்கு உரிய மக்களுக்கோ, நாள்தோறும் வழங்கித் தேய்ந்த சொல்லாகையால், அந்நொடியும் வாய்க்கவில்லை.

குருதி எடுக்கச் சென்ற மருத்துவர் ஒருவர் இருந்தார் அல்லரோ? பவல் ஆற்றவிருந்த உரையின் வரைவை அவர் படித்தார். வளைபந்தை நேரிற் கண்டிருந்த அமெரிக்கர் என்ற முறையில், அவர் கூற்றை முதன்மைச் சான்றாகக் கொள்வது தகாது என்று தம் ஐயத்தை எழுதியனுப்பினார். 2003 பிப்பிரவரி 4-ஆம் நாள், அதாவது உரைக்கு முந்தின நாள், மேலலுவலர் ஒருவரிடமிருந்து அவருக்கு விடைமடல் வந்தது. அம்மடல் 2004-இல் அமெரிக்க மேலவைக் குழுவின் அறிக்கையில் அச்சாயிற்று. வளைபந்து என்ன சொன்னாலும் சொல்லாவிட்டாலும் இப்போர் நடக்கத்தான் போகின்றது. அவருக்கு உண்மையில் ஏதேனும் தெரியுமா என்பதில் ஆளவந்தார்க்கு அவ்வளவாக அக்கறை இராது. மடலிற் கண்டிருந்த கருத்து இதுவே.